தண்டுவடத்தின் முதல் தாளம்: கோழியா, ஜீப்ரா மீனா, தவளையா, சுண்டெலியா?

கரு வளரும்போது தண்டுவடம் யாரும் சொல்லாமலேயே அசைவைத் தொடங்கிவிடுகிறது. மூளை கட்டளையிடும் நிலைக்கு அப்போது வந்திருக்காது. பல விலங்குகளில் தொடு உணர்வு நரம்புகள்கூட இணைந்திருக்காது. ஆனாலும் உடல் வளைகிறது, ஓய்கிறது, மறுபடி வளைகிறது. 1885இல் வில்ஹெல்ம் பிரையர் கோழி முட்டைக்குள் இதைப் பார்த்துப் பதிவு செய்தார். மூன்றரை நாள் கரு தானாக அசைந்தது. தொட்டால் சுருங்கும் குணம் அதற்குப் பல நாள் கழித்துத்தான் வந்தது.

இந்தத் தாளத்தை எந்த நரம்பணுக்கள் எழுப்புகின்றன, அது பிறகு நீச்சலாகவும் நடையாகவும் எப்படி மாறுகிறது என்று ஆராய வரும் மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: எந்த உயிரியை எடுப்பது? பெரும்பாலும் வழிகாட்டியின் ஆய்வுக்கூடத்தில் எது இருக்கிறதோ அதுவே விடையாகிவிடுகிறது. கேள்வியும் அந்த உயிரிக்குப் பொருந்தினால் தவறில்லை. பொருந்தாதபோது ஆய்வேட்டின் தலைப்பில் "நடை" இருக்கும், உள்ளே பதிவாகியிருப்பது நடையோடு தொடர்பே இல்லாத வேறொரு தாளமாக இருக்கும்.

இங்கே நான்கு உயிரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். லாம்ப்ரே மீனின் நீச்சல் சுற்று பற்றி ஏராளமாகத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் வளர்ந்த மீனிலும் லார்வாவிலும் கிடைத்த அறிவு. பழ ஈக்குத் தண்டுவடமே இல்லை. இரண்டையும் விட்டுவிட்டோம்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தத் தாளம்? கருவின் தன்னெழுச்சி அசைவு வேறு, பின்னர் வரும் நீச்சலும் நடையும் வேறு. முதலாவதில் உடலின் இரு பக்கமும் சேர்ந்தே சுருங்கலாம், தாளத்தை அணுக்களுக்கிடையிலான மின் இணைப்போ, அசிடைல்கோலின் என்ற நரம்பு வேதிச் சமிக்ஞையோ தாங்கலாம். இரண்டாவதில் இடமும் வலமும் மாறி மாறிச் சுருங்க வேண்டும். அதற்குக் கிளைசின் போன்ற தடுப்புச் சமிக்ஞைகள் முதிர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எது உங்கள் கேள்வி என்று முடிவு செய்யாமல் உயிரியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அணுவுக்குப் பெயர் சொல்ல முடியுமா? "இந்த வகை இடைநரம்பணு" (மற்ற நரம்பணுக்களை இணைக்கும் அணு) என்று சுட்ட வேண்டுமா, அல்லது தண்டுவடம் முழுவதையும் ஒரு கூட்டமாகப் பார்த்தால் போதுமா?

கால்கள் வேண்டுமா? மடக்கும் தசையும் நீட்டும் தசையும் மாறி மாறி இயங்குவதை மீனின் உடல் அலையில் தேட முடியாது.

எவ்வளவு வேகமாகத் தடுக்க முடியும்? எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். பட்டியல்களில் எப்போதும் விடுபடுவதும் இதுவே. கருவின் சுற்று, தன் தாளம் கெட்டால் தானே சரிசெய்துகொள்ளும். கோழிக் கருவின் தனித்த தண்டுவடத்தில் குளூட்டமேட், அசிடைல்கோலின் இரண்டின் ஏற்பிகளையும் அடைத்தால் அசைவுத் தாளம் நிற்கிறது. ஆனால் 30 முதல் 90 நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது என்று 1998இல் சப், ஓடோனோவன் இருவரும் காட்டினார்கள். செனோபஸ் என்ற தவளையின் தலைப்பிரட்டையில் 2013இல் மோல்ட், காட்ரெல், லி ஆகியோர் ஒளியாலும் மின்னாலும் ஒரு பக்கத்தை மட்டும் நொடியில் அடக்கினார்கள். மறு பக்கமும் உடனே நின்றுபோனது. தடுப்புச் சமிக்ஞையை மருந்தால் அடைத்தபோதோ சுமார் 23 நிமிடத்தில் தாளம் மீண்டது. மருந்தை ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு பதிவு செய்பவர் "இந்த ஏற்பிக்குப் பங்கில்லை" என்று எழுதுவார். அவர் பார்த்தது பழைய சுற்றை அல்ல, தன்னைத் திருத்திக்கொண்ட புதிய சுற்றை. மரபணுவை நீக்கிய விலங்கில் இந்தத் திருத்தத்துக்கு நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

செலவு, அனுமதி, ஆள், காலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதிப்படி மீன், தவளை இரண்டும் தாமே இரை தேடும் பருவம் முதலும், பாலூட்டிக் கருக்கள் கடைசி மூன்றிலொரு பருவம் முதலும் பாதுகாப்புக்குள் வருகின்றன. முட்டைக்குள் இருக்கும் பறவைக் கரு அதில் சேரவில்லை. உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு வேறு எல்லை வைத்திருக்கலாம். முட்டை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

| | கோழி | ஜீப்ரா மீன் | செனோபஸ் | சுண்டெலி |
|---|---|---|---|---|
| முதல் தாளம் தெரியும் காலம் | 3.5 – 4 நாள் | கருவுற்று 17 மணி | நீச்சல்: சுமார் 2 நாள் | 11.5 – 12.5 நாள் |
| தொடக்கத்தில் தாங்குவது | அசிடைல்கோலின், காபா | மின் இணைப்பு, சோடியம் மின்னோட்டம் | குளூட்டமேட், கிளைசின் (நீச்சலில்) | அசிடைல்கோலின் |
| ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி | பல நிமிடம் | ஒரு நொடி (உச்சத்தில்) | 50 – 100 மில்லி நொடி | சில நிமிடம் |
| கால்கள் | உண்டு | இல்லை | இந்தப் பருவத்தில் இல்லை | உண்டு |
| அணு வகைக்கு மரபணுப் பிடி | நடுத்தரம் | நன்று | குறைவு | மிக நன்று |
| செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம், வாங்குவது கடினம் | மிக அதிகம் |

அட்டவணையின் மூன்றாம் வரிசையை இன்னொரு முறை பாருங்கள். ஜீப்ரா மீனில் ஒரு நிமிடப் பதிவில் அறுபது நிகழ்வுகள் கிடைக்கும். பத்து நாள் கோழித் தண்டில் அறுபது நிகழ்வு வேண்டுமானால் பல மணி நேரம் உட்கார வேண்டும். புள்ளியியல், ஆள் தேவை, ஒரு நாளில் எத்தனை மருந்து பார்க்கலாம் என்பதெல்லாம் இந்த ஒரு வரிசையிலிருந்து வருகின்றன.

## கோழிக் கரு

செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விக்டர் ஹாம்பர்கரும் உடனிருந்தவர்களும் 1966இல் செய்த சோதனை இந்தத் துறையின் அடித்தளம். இரண்டு நாள் கருவில் காலுக்குரிய தண்டுப் பகுதியின் மேல்பாதியை நீக்கி உணர்வு நரம்புகள் வராமல் செய்தார்கள். மார்புப் பகுதித் தண்டில் ஒரு துண்டை எடுத்து மூளையின் தொடர்பையும் அறுத்தார்கள். கால்கள் அசைந்துகொண்டே இருந்தன. தாளம் தண்டுவடத்துக்கே சொந்தம் என்பது அன்று உறுதியானது.

இன்றும் கோழியின் பலம், தண்டையும் காலையும் ஒன்றாக வெளியே எடுத்துப் பதிவு செய்ய முடிவதும், முட்டைக்குள்ளேயே நாட்கணக்கில் தாளத்தை மாற்றிப் பார்க்க முடிவதும்தான். ஹான்சனும் லாண்ட்மெசரும் காபா என்ற நரம்புச் சமிக்ஞையை அடைக்கும் பிக்ரோடாக்சினை முட்டைக்குள் செலுத்தித் தாளத்தை மெதுவாக்கினார்கள் (2004). இயக்க நரம்பிழைகள் காலின் முன்பக்கம், பின்பக்கம் என்று பிரியும் இடத்தில் வழி தவறின. 2006இல் சார்கோசின் கொடுத்துத் தாளத்தை விரைவாக்கியபோது வேறு வகைத் தவறு வந்தது. 2010இல் கஸ்டனென்காவும் லாண்ட்மெசரும் மருந்தால் மெதுவான கருவுக்கு ஒளியால் பழைய வேகத்தையே மீட்டுக் கொடுத்தார்கள், இழைகள் சரியான வழியில் போயின. தாளத்தின் வேகமே வளர்ச்சிக்கான தகவல் என்பதற்கு இதைவிட நேரான சான்று மற்ற மூன்று உயிரிகளில் இல்லை.

செய்முறை. பெட்டிக்கடை வெள்ளை முட்டை பயன்படாது. நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வருவது சேவல் சேராத முட்டை. குஞ்சு பொரிப்பகங்களுக்கு முட்டை தரும் தாய்க்கோழிப் பண்ணையில் கேட்டு வாங்க வேண்டும். 12 முதல் 15 டிகிரியில் ஒரு வாரம் வரை வைக்கலாம்; அதற்கு மேல் போனால் கருவின் வளர்ச்சி ஒரே சீராக இருக்காது. அடைகாப்புப் பெட்டி 37.5 – 38 டிகிரி, ஈரப்பதம் 55 – 60 சதவீதம். முட்டையைப் படுக்க வைத்து அடைகாத்து, மூன்றாம் நாள் அகன்ற முனையில் ஊசி செருகி 2 முதல் 3 மி.லி. வெள்ளைக்கருவை உறிஞ்சுங்கள். மஞ்சள்கருவும் அதன் மேலிருக்கும் கருவும் ஓட்டிலிருந்து கீழே இறங்கும். இதைத் தவிர்த்து ஓட்டை வெட்டினால் இரத்தக் குழாய்கள் ஓட்டோடு சேர்ந்து கிழியும். முட்டைகள் வீணாவதில் பெரும்பங்கு இந்த ஒரு படியில்தான். சாளரத்தை ஒட்டுநாடாவால் மூடும்போது இடைவெளி விட்டால் கரு இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

வயதை நாளால் சொல்லாமல் 1951இல் ஹாம்பர்கர், ஹாமில்டன் வகுத்த 46 நிலைகளால் சொல்லுங்கள். ஒரே நாளில் வைத்த முட்டைகளில் இரண்டு மூன்று நிலை வேறுபாடு சாதாரணம்.

தண்டை வெளியே எடுப்பது 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் ஓடும் குளிர்ந்த டைரோட் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்). முதுகெலும்பை வயிற்றுப் பக்கத்திலிருந்து அகற்றினால் முன்பக்க நரம்பு வேர்கள் பிழைக்கும். எடுத்தவுடன் பதிவு செய்யாதீர்கள். சில மணி நேரம் ஆற விட்டு, மெதுவாக 26 – 28 டிகிரிக்கு ஏற்றி, உறிஞ்சு மின்முனையில் வேரை இழுத்துப் பதிவு செய்ய வேண்டும். பத்து நாள் கருவில் ஒரு கிளர்ச்சி ஒரு நிமிட அளவுக்கு நீடிக்கும், அதற்குள் பல சுற்றுகள் வரும். அடுத்த கிளர்ச்சிக்குச் சில நிமிடம் முதல் சுமார் இருபது நிமிடம் வரை ஆகும். மருந்துக்கு முன் இரண்டு மணி, மருந்தில் இரண்டு மணி, கழுவிய பின் இரண்டு மணி என்றால் ஒரு கருவியில் நாளுக்கு ஒரு தண்டுதான்.

கண்ணில் படாத செலவுகள். முதலாவது காபா. இந்த வயதில் அணுவுக்குள் குளோரைடு அதிகம். ஆகவே முதிர்ந்த தண்டில் அடக்கும் காபா, இங்கே கிளர்த்துகிறது. பாடநூல் நினைப்பில் "தடுப்பை நீக்கினேன்" என்று பிக்ரோடாக்சின் முடிவை எழுதினால் பொருளே தலைகீழாகும். கிளர்ச்சியின்போது அந்தக் குளோரைடு வெளியேறுவதும் திரும்பச் சேருவதுமே நீண்ட இடைவெளிக்குக் காரணம் என்ற வலுவான கருத்தும் உண்டு. கரைசலின் குளோரைடு அளவைச் சும்மா மாற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது, கருவை அசையாமல் வைக்கத் தசையை முடக்கும் குராரேயை முட்டைக்குள் செலுத்துவது. 1962இல் டிராக்மன், கூலோம்பர் இருவரும் காட்டியபடி மூட்டுகள் இறுகிப்போகின்றன, பாதம் வளைகிறது. 1978இல் பிட்மனும் ஓப்பன்ஹைமும் கண்டபடி, இயல்பாகச் செத்துப்போக வேண்டிய இயக்க நரம்பணுக்களும் பிழைத்துவிடுகின்றன. தாளத்தை மட்டும் தொட நினைத்தவர் எலும்பையும் அணு எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்.

மூன்றாவது, மின்துளைப்பில், அதாவது மின் துடிப்பால் அணுச்சவ்வில் துளையிட்டு, மரபணு செலுத்துவது. இரண்டு, இரண்டரை நாள் கருவில் 18 – 25 வோல்ட், 50 மில்லி நொடித் துடிப்புகள் ஐந்து என்பது வழக்கமான தொடக்கம். டிஎன்ஏ ஒரு பக்கத்துக்குத்தான் போகும். உருவவியலில் மறு பக்கம் அழகான ஒப்பீட்டுப் பக்கம். தாள ஆய்வில் அப்படி இல்லை. இரு பக்கமும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் மறு பக்கமும் பாதிக்கப்பட்ட பக்கமே. வெறும் பிளாஸ்மிட் (செலுத்திய வளைய டிஎன்ஏ) அணுப் பிரிவில் நீர்த்துப்போகும். ஆறேழு நாளுக்கு மேல் வேண்டுமானால் டோல்2 போன்ற, மரபணுத் தொகுதிக்குள் பதியும் வகையைப் பயன்படுத்துங்கள்.

## ஜீப்ரா மீன்

கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளின் ஓடைகளைப் பிறப்பிடமாகக் கொண்ட இந்த மீன் உலகம் சுற்றிவிட்டு ஆய்வக மீனாக நம்மிடம் திரும்ப வந்திருக்கிறது. கரு கண்ணாடி போல் தெளிந்திருக்கும். கண் முன்னே தண்டுவடம் கட்டப்படுவதைப் பார்க்கலாம்.

1998இல் செயிண்ட்-அமானும் டிராப்போவும் வகுத்த வரிசை இன்றும் செல்லும். 28.5 டிகிரியில் கருவுற்று 17 மணி நேரத்தில் உடல் ஒரு பக்கமாகச் சுருளத் தொடங்கும், 19 மணியில் நொடிக்கு ஒன்று என்ற உச்சத்தை எட்டும், 27 மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 21 மணியில் தொட்டால் சுருளும். 27 மணியில் நீச்சல் வரும்; அப்போது நொடிக்கு ஏழு வால் வீச்சு, 36 மணியில் இருபத்தெட்டு. தண்டைப் பின்மூளைக்குக் கீழே அறுத்தாலும் முதல் சுருளல் நிற்பதில்லை. குளூட்டமேட், கிளைசின் தடைகளும் அதை நிறுத்துவதில்லை. அணுக்களை நேரடியாக இணைக்கும் மின் சந்திகளே அப்போது தாளத்தைப் பரப்புகின்றன. டாங்கும் மெக்டியர்மிடும் 2012இல் துடிப்பைத் தொடங்கிவைக்கும் அணுக்களில் அடங்காமல் தொடரும் சோடியம் மின்னோட்டத்தைக் கண்டார்கள். ரிலுசோல் என்ற மருந்து அதை நிறுத்துகிறது. 2019இல் வானும் குழுவினரும் ஒளித்தாள் நுண்ணோக்கியில் ஒவ்வோர் அணுவையும் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து, முதலில் விழிப்பவை இயக்க நரம்பணுக்கள் என்று காட்டினார்கள். அணு அளவில் இப்படிப் பெயர் சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

கடிகாரத் தொல்லை. மீன் விளக்கு எரிந்ததும் முட்டையிடும். காலை 9 மணிக்கு முட்டை என்றால் 19 மணி நேரக் கரு அதிகாலை 4 மணிக்கு வரும். இரவு விழித்து வேலை செய்யும் மாணவர் இரண்டாம் வாரம் தவறான அளவுகளை எழுதத் தொடங்குவார். விளக்கைப் பிற்பகல் 3 மணிக்கு எரியும்படி மாற்றினால் 17 மணி நேரக் கரு காலை 8 மணிக்குக் கையில் இருக்கும். மீன்கள் பழகச் சில நாள் கொடுங்கள்.

இன்னொரு வழி வெப்பநிலை. 25 முதல் 33 டிகிரி வரை கிம்மல் 1995இல் கொடுத்த சூத்திரம் உதவும்: வேண்டிய மணி நேரத்தை (0.055 × வெப்பநிலை − 0.57) என்ற எண்ணால் வகுக்க வேண்டும். 25 டிகிரியில் 19 மணி நிலை 23.6 மணியில் வரும். 31 டிகிரியில் 16.7 மணியில். குளிரூட்டி விட்டுவிட்டு ஓடும் அறையில் வைத்த தட்டுகளில் "19 மணி" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை. சுருளலின் வேகமும் வெப்பத்தோடு ஏறும். நுண்ணோக்கி மேடையின் வெப்பத்தையும் அளக்க வேண்டும்.

ஒளித் தொல்லை. 2015இல் ஃப்ரீட்மனும் குழுவினரும் தண்டுவடத்திலேயே ஓர் ஒளி உணர் புரதம் இருப்பதையும், பச்சை ஒளி பட்டால் சுருளல் அடங்குவதையும் கண்டார்கள். இன்னும் வளர்ந்த கருவில் பின்மூளை ஒளிக்குத் துள்ளும். அணு இயங்கும்போது ஒளிரும் கால்சியம் குறிகாட்டியைத் தூண்டும் ஒளியே தாளத்தை மாற்றக்கூடும் என்று பொருள். அசைவை மட்டும் எண்ணுவதானால் சிவப்பு அல்லது அகச்சிவப்பு விளக்கு போதும். ஒளிர்வுப் பதிவென்றால், அதே ஒளியைப் பாய்ச்சி அசைவை மட்டும் எண்ணும் ஒப்பீட்டுத் தொகுதி கட்டாயம்.

சிறு விஷயங்கள், பெரிய பிழைகள். கருவை அடக்க டிரைக்கெய்ன் என்ற மயக்க மருந்தைப் போடாதீர்கள். அது சோடியம் கால்வாயை அடைக்கிறது, நீங்கள் அளக்க வந்த தாளத்தையே கொல்கிறது. தசையை மட்டும் நிறுத்த ஆல்பா-பங்காரோடாக்சினைச் செலுத்துங்கள், அல்லது தசை சுருங்காத மரபுப் பிறழ்வு வகையை எடுங்கள். குராரே போன்ற மருந்துகள் தோலைக் கடக்காது. வால் நுனியைச் சிறிது வெட்டினால்தான் உள்ளே போகும். முட்டை உறையை நீக்கிய கருவை வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் மஞ்சள்கரு ஒட்டிக் கிழியும், அடியில் அகரோஸ் பூசுங்கள். நிறமி தடுக்கும் 0.003 சதவீத பீடியூ (PTU) 17 – 24 மணி வேலைக்குத் தேவையே இல்லை. சுருளலுக்கு நொடிக்கு 30 படச்சட்டம் எடுக்கும் சாதாரணக் கேமரா போதும். நொடிக்கு 28 வால் வீச்சை அளக்க நொடிக்குச் சில நூறு படச்சட்டங்கள் வேண்டும். மின் சந்தியை அடைக்க ஹெப்டனால் மட்டும் பயன்படுத்தி முடிவு எழுதினால் மதிப்பாய்வாளர் விடமாட்டார், அது மற்றக் கால்வாய்களையும் தொடும்.

அலங்கார மீன் கடையில் வாங்கிய மீனில் கேமரா பழகலாம், முடிவு எழுதக்கூடாது. அதன் மரபு தெரியாது. மரபணுவைத் தற்காலிகமாக அடக்கும் மார்ஃபோலினோவால் அணுச்சாவு தூண்டப்படுவதும், மரபணு நீக்கிய மீனில் உறவுக்கார மரபணு ஈடுகட்டுவதும் இந்த மீனின் தீராத தலைவலிகள்.

## செனோபஸ் தலைப்பிரட்டை

தென்னாப்பிரிக்க நகத் தவளையின் இரண்டு நாள் தலைப்பிரட்டை, நியூகூப் – ஃபேபர் அட்டவணையில் 37/38ஆம் நிலை, சுமார் 5 மி.மீ. நீளம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆலன் ராபர்ட்ஸ் குழு பல பத்தாண்டுகளாக ஒரே நிலையைத் தோண்டியதன் பலன்: தோலைத் தொட்டது முதல் நீச்சல் நிற்பது வரை ஒவ்வொரு படியிலும் எந்த அணு எதனோடு பேசுகிறது என்பது தெரியும். தொடு உணர்வு ரோஹன்-பியர்ட் அணுவிலிருந்து குறுக்கே போகும் இடைநரம்பணுவுக்கு, அங்கிருந்து கிளர்த்தும் கீழ்நோக்கு அணுவுக்கு, அதிலிருந்து இயக்க நரம்பணுவுக்கு. மறு பக்கத்தை அடக்குவது கிளைசின் அணுக்கள். அடக்கம் விட்டதும் கிளர்த்தும் அணு எதிர்த்துளிர்ப்பாக ஒருமுறை சுடும், அடுத்த பாதிச் சுற்று பிறக்கும். நொடிக்கு 10 முதல் 20 சுற்று.

இரண்டு அணுக்களில் ஒரே நேரத்தில் பேட்ச் கிளாம்ப் (அணுவோடு ஒட்டிய நுண்குழாயால் மின் பதிவு) செய்து இணைப்பை நேரடியாகக் காட்ட வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் கேள்வி அதுவாக இல்லாவிட்டால் இதை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இதன் பலம் முதிர்ந்த நீச்சல் சுற்றில். மௌனத்திலிருந்து முதல் தாளம் எழும் நேரத்தில் அல்ல. இந்த நகத் தவளைக்கு (செனோபஸ் லேவிஸ்) நான்கு மடி மரபுத்தொகுதி, பருவமடைய ஓராண்டுக்கு மேல். ஒரு மரபணுவை நீக்கி வழித்தோன்றலில் பார்ப்பது ஆய்வுக்காலத்தை விழுங்கிவிடும். இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தும் தொட்டியும் வேண்டும். இந்த இனம் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைச் சுமக்கக்கூடியது, கழிவுநீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் விடக்கூடாது.

பிடித்த ஒரு வசதி: ஒரே தொகுதி முட்டைகளைப் பல வெப்பநிலையில் பிரித்து வைத்தால் 37/38 நிலை அடுத்தடுத்த நேரங்களில் வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் நிற்பது சில மணி நேரம்தான். கீத் சிலரின் பணிகள் காட்டியபடி அடுத்த ஒரு நாளில் செரோட்டோனின் நரம்பிழைகள் தண்டுக்குள் இறங்கி, ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு என்றிருந்த இயக்க நரம்பணுக்களைப் பல துடிப்புகளாகச் சுட வைக்கின்றன. நிலை தவறிய தலைப்பிரட்டை வேறொரு விலங்கு என்றே கொள்ளுங்கள்.

## சுண்டெலி

மரபணுப் பிடிக்கு ராஜா. டிபிஎக்ஸ்1 மரபணுவிலிருந்து வரும் வி0 இடைநரம்பணுக்களை நீக்கினால் இட-வல மாற்றம் குலைகிறது என்று 2004இல் லனூசாவும் குழுவினரும் காட்டினார்கள். 2013இல் டல்பலார் குழுவின் சுண்டெலிகள் முயல்போல் துள்ளின. மடக்கும், நீட்டும் தசைகளின் மாற்றத்துக்கு வி1, வி2பி அணுக்கள் பொறுப்பு என்று 2014இல் தெரிந்தது. கால், நடை, அணு வகை மூன்றும் சேர்ந்த கேள்விக்கு வேறு இடமில்லை.

ஆனால் அந்தப் புகழ்பெற்ற முடிவுகளில் பெரும்பாலானவை பிறப்பை ஒட்டிய குட்டியின் தண்டிலும் வளர்ந்த விலங்கிலும் கிடைத்தவை. பிறந்து நான்கு நாள் வரையான குட்டியின் தண்டை எடுத்து, குளூட்டமேட் ஏற்பியைத் தூண்டும் என்எம்டிஏ சுமார் 5 மைக்ரோமோலார், 10 மைக்ரோமோலார் செரோட்டோனின் ஊற்றி, இரண்டாம் இடுப்பு வேரில் மடக்கும் தாளத்தையும் ஐந்தாம் இடுப்பு வேரில் நீட்டும் தாளத்தையும் பதிவு செய்வது வழக்கம். அது மருந்தால் எழுப்பிய நடைத் தாளம். 12 நாள் கருவில் தானாக எழும் அலை வேறு: அசிடைல்கோலினால் ஓடுவது, இரு பக்கமும் ஒன்றாகவே கிளர்வது. மாறி மாறி இயங்கும் நடை கருவின் கடைசி நாட்களில்தான் வருகிறது. சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலியில் (rat) நிஷிமாருவும் குடோவும் 18.5 நாள் அளவில் அதைக் கண்டார்கள். அசிடைல்கோலின் தயாரிக்கும் நொதி இல்லாத சுண்டெலியில் அந்த முதல் அலை கெடுவதும், நடைச் சுற்று சரியாக அமையாமல் போவதும் 2005இல் தெரியவந்தது. இரண்டு தாளத்தையும் இணைத்த அரிய வேலைகளில் அதுவும் ஒன்று.

கணக்கு. கருக்கள் நான்கில் ஒன்றுதான் நமக்கு வேண்டிய மரபு வகை என்று வையுங்கள். ஒரு ஈற்றுக்கு எட்டுக் கரு என்றால் சராசரி இரண்டு. ஆறு கரு வேண்டுமானால் மூன்று தாய். நடைமுறையில் ஐந்துக்குத் திட்டமிடுங்கள். இன்னொரு மரபணு சேர்ந்தால் எட்டில் ஒன்றாகும், தாய்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். இணைசேர்ந்ததைக் காட்டும் பிளக் (பெண் உறுப்பில் தங்கும் அடைப்பு) பார்த்த காலையை 0.5 நாள் என்று கணக்கிட்டாலும் ஒரே ஈற்றில் அரை நாள் வளர்ச்சி வேறுபாடு இருக்கும், கால் மொட்டின் வடிவத்தை வைத்துத் திருத்துங்கள். தாய்க்குக் கொடுத்த மயக்கம் கருவையும் அடக்கும்; எடுத்த தண்டைக் கழுவி நேரம் கொடுக்காமல் பதிவு செய்தால் அந்த அமைதி மரபணுவின் விளைவாக எழுதப்பட்டுவிடும். முதல் வாரத்தைத் தாண்டிய குட்டியின் தண்டு தடித்துவிடுவதால் ஆக்சிஜன் நடுவரை போகாது.

## யாருக்கு எது

முதல் தாளத்தின் வேகம் வளர்ச்சியை எப்படி வழிநடத்துகிறது என்பது கேள்வியானால், கோழி. பணம் குறைந்த கூடத்துக்கும் அதுவே. அடைகாப்புப் பெட்டி, உறிஞ்சு மின்முனை, ஒரு பெருக்கி இருந்தால் தொடங்கலாம்.

முதல் துடிப்பு எந்த அணுவில் பிறக்கிறது என்றால் ஜீப்ரா மீன். மருந்துகளைப் பலவாகச் சோதிக்கவும் அதுவே. ஆனால் விளக்கு நேரத்தையும் வெப்பநிலையையும் ஒழுங்குபடுத்த முடியாத கூடம் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

இரண்டு அணுக்களுக்கு இடையிலான இணைப்பைப் பற்றி விவாதமே இருக்கக்கூடாது என்றால், ஏற்கெனவே செனோபஸ் வைத்திருக்கும் கூடத்தோடு கூட்டுச் சேருங்கள். புதிதாகத் தொடங்காதீர்கள்.

கால் நடையில் ஒரு குறிப்பிட்ட அணு வகையின் பங்கு என்றால் சுண்டெலி. அதையும் கடைசியாக எடுங்கள். கருதுகோளைக் கோழியிலோ மீனிலோ சோதித்துவிட்டு, எந்த நாள், எந்த அணு என்று குறுக்கிய பிறகு போனால் தாய்களின் எண்ணிக்கை பாதியாகும்.

இரண்டு உயிரிகளைச் சேர்ப்பவர்கள் வயதை நாட்களால் பொருத்த வேண்டாம். மீனின் 19 மணியும் கோழியின் 4 நாளும் "முதல் தாளம்" என்ற பெயரில் மட்டுமே ஒன்று; ஒன்றை மின் இணைப்பு தாங்குகிறது, மற்றதை அசிடைல்கோலின். பொருத்த வேண்டியது நிகழ்வை: முதல் கிளர்ச்சி, முதல் தொடு உணர்வு, இட-வல மாற்றத்தின் தொடக்கம்.

எதை எடுத்தாலும், மருந்து சேர்த்த கணம் முதல் இடைவிடாமல் பதிவு செய்யுங்கள். முதல் பத்து நிமிடத்தைத் தனியாகவும், ஒரு மணிக்குப் பிந்தியதைத் தனியாகவும் அட்டவணையிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சராசரி எடுக்காதீர்கள். முதலாவது நீங்கள் தடுத்த சுற்றின் விடை, இரண்டாவது அது திருத்திக்கொண்ட பிறகு வந்த விடை.